கொல்லையில் விளையும் காச்சில் கிழங்கு

நம் அறக்கட்டளையின் மாதாந்திர உதவிப் பட்டியலில் உள்ள குடும்பங்களைச் சந்திக்கச் செல்லும்போது நாம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ரேஷன் அரிசி மாதக் கடைசி வரை வருகிறதா என்பதுதான் அது. வருவதில்லை என்றே பெரும்பாலான வீடுகளில் சொல்கிறார்கள். மீதி நாட்களுக்குக் கடையில் காசு கொடுத்து அரிசி வாங்குகிறார்கள். அதே வீட்டின் பின்புறம் போய்ப் பார்த்தால் நாலைந்து தென்னை நிற்கும். அவற்றுக்கிடையே புல் முளைத்த வெறும் மண் கிடக்கும். அந்த மண்ணில் ஆண்டுக்கு ஒரு முறை, அதிகச் செலவில்லாமல், ஒரு குடும்பத்துக்குச் சில வாரங்களுக்காவது கைகொடுக்கும் உணவு ஒன்றை எடுக்க முடியும். நம் பெரிய உம்மாமார் எடுத்தும் இருக்கிறார்கள். அதுதான் காச்சில் கிழங்கு. அதைப்பற்றி இந்த இதழில் சற்று விரிவாக எழுதுகிறோம்.

குமரி மாவட்டத்தில் நாம் காச்சில் என்கிறோம். மலையாளத்திலும் அதே பெயர்தான். தமிழகத்தின் வேறு சில பகுதிகளில் வெற்றிலைவள்ளி என்பார்கள். இலை வெற்றிலையைப் போல இருப்பதால் வந்த பெயர் அது. வேளாண்மைப் புத்தகங்களில் பெருவள்ளிக் கிழங்கு என்று இருக்கும். யாழ்ப்பாணத்தில் இராசவள்ளி. சிங்களவர்களும் ராஜ அல, அதாவது அரசக் கிழங்கு என்றே சொல்கிறார்கள். தாவரவியல் பெயர் டயாஸ்கோரியா அலாட்டா. அலாட்டா என்ற லத்தீன் சொல்லுக்குச் சிறகுடையது என்று பொருள். கொடியை விரல்களுக்கிடையே வைத்து உருட்டிப் பார்த்தால் பொருள் உடனே விளங்கிவிடும். தண்டு உருண்டையாக இராது. நான்கு பட்டையாக இருக்கும், நான்கு மூலைகளிலும் மெல்லிய சிறகு போல ஓரம் நீண்டிருக்கும். இந்த அடையாளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வள்ளி என்ற பெயரைப்பற்றி ஒரு வார்த்தை. இன்று வள்ளி என்றதும் நம் பிள்ளைகளுக்குச் சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும்தான் நினைவுக்கு வருகின்றன. இந்த இரண்டுமே அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவை. கடல்வழி கண்ட ஐரோப்பியர்களின் கப்பல்களால் கிழக்கே வந்தவை. அவை வருவதற்கு வெகுகாலம் முன்பே தமிழில் வள்ளி என்ற கிழங்கு இருந்தது. பாரியின் பறம்பு மலையில் உழவர் உழாமலே கிடைக்கும் நான்கு பொருட்களைக் கபிலர் புறநானூற்றில் அடுக்கும்போது மூங்கில் நெல், பலாப்பழம், தேன் இவற்றோடு வள்ளிக் கிழங்கையும் சேர்த்துச் சொல்கிறார். அது மலையில் தானாக விளைந்த காட்டு வள்ளி, நம் காச்சிலின் உறவு. பின்னால் வந்த விருந்தாளிகள் வீட்டுக்காரரின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். மலாய் மொழியிலும் இதே கதைதான். அங்கே உபி என்பது பழைய சொல். மரவள்ளி வந்ததும் அதை உபி காயு என்றார்கள், சர்க்கரைவள்ளியை உபி கெலெடெக் என்றார்கள்.

அந்த உபி என்ற சொல்லைப் பின்தொடர்ந்து போனால் கிழங்கு பயணித்த வழியும் ஓரளவு தெரிந்துவிடும். காச்சில் முதலில் பயிராக்கப்பட்ட இடம் தென்கிழக்கு ஆசியாவும் நியூகினியும் சேர்ந்த தீவுப் பகுதி என்பது ஆய்வாளர்களின் கருத்து. இன்று உலகில் எங்கும் இது காட்டுச் செடியாகத் தானே பிறந்து விளைவதாகத் தெரியவில்லை. மனிதன் கையால் நட்டு நட்டே வந்த பயிர் இது. பிலிப்பைன்ஸில் இதன் பெயர் உபே. அங்கே ஊதா நிறக் கிழங்கை மசித்துப் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறும் இனிப்பு வெகு பிரபலம். இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கக் கரையோரம் உள்ள மடகாஸ்கர் தீவில் இதை ஓவி என்கிறார்கள். உபி, உபே, ஓவி மூன்றும் ஒரே வேர்ச்சொல். தீவுகளிலிருந்து பாய்மரக் கலங்களில் மடகாஸ்கர் போய்க் குடியேறியவர்கள் கிழங்கையும் பெயரையும் கூடவே கொண்டுபோனார்கள். நெடுநாள் கெடாமல் இருப்பதால் கடற்பயணத்துக்கு இதைவிட வசதியான உணவு அந்நாளில் குறைவு. பிறகு போர்ச்சுகீசியர் காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அடிமை வணிகக் கப்பல்களில் சங்கிலியிட்டு ஏற்றப்பட்ட மக்களுக்குப் போட்ட உணவிலும் வள்ளிக் கிழங்கு வகைகள் இருந்தன என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

இன்று உலகில் விளையும் வள்ளிக் கிழங்குகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நைஜீரியா என்ற ஒரே நாட்டில் விளைகிறது. அங்கே முதன்மையானது வெள்ளை வள்ளி என்ற உறவுப் பயிர். காச்சிலுக்கு அங்கே தண்ணீர் வள்ளி என்று பெயர், ஈரப்பதம் கூடுதல் என்பதால். பாப்புவா நியூகினியில் அபெலாம் என்ற மக்கள் காச்சிலிலேயே ஆளைவிட நீளமான கிழங்குகளை விளைவித்து, யாருடையது நீளம் என்று ஊர் கூடிப் பார்க்கிறார்கள். நமக்கு அவ்வளவு நீளம் தேவையில்லை, தோண்டி எடுப்பவனுக்கு இடுப்பு ஒடிந்துவிடும்.

இப்படி உலகம் சுற்றிய கிழங்கு நம் ஊரில் ஏன் குறைந்தது? முதற்காரணம் மரச்சீனி. திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் மரச்சீனிப் பயிரை மக்களிடையே பரப்பினார். பஞ்ச காலத்தில் அது உயிர் காத்தது உண்மை. இரண்டாம் உலகப் போரின்போது பர்மா அரிசி நின்றுபோனதும் இந்தப் பகுதி மக்களைப் பெரிதும் தாங்கியது மரச்சீனிதான். ஒரு கம்பை நட்டால் போதும், பந்தல் வேண்டாம், கொடி ஏற்ற வேண்டாம். காச்சில் அவ்வளவு எளிதல்ல. இரண்டாவது காரணம் ரப்பர். தோட்டங்கள் ரப்பராக மாறியபின் அதன் அடர்ந்த நிழலில் கொடிக் கிழங்கு வளர வழியில்லை. மூன்றாவது, நம் வீட்டு ஆண்கள் வளைகுடாவுக்குப் போனதும் மண்வெட்டி பிடிக்க ஆளில்லாமல் போனது. இதில் யாரையும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நெல்விதையைக் கடையில் வாங்கலாம். காச்சில் அப்படியல்ல. ஒவ்வோர் ஆண்டும் கிழங்கிலிருந்தே அடுத்த ஆண்டுக்கு நட வேண்டும். ஒரு வீட்டில் ஓராண்டு நடாமல் விட்டால் அந்த வீட்டு வகை அத்தோடு முடிந்தது. வெள்ளை, ஊதா, உருண்டை, விரல் விரலாகப் பிரிந்தது என்று ஊருக்கு ஊர் இருந்த வகைகள் பல இப்படித்தான் சத்தமில்லாமல் போய்விட்டன.

உணவு என்ற வகையில்

வேகவைத்த 100 கிராம் காச்சிலில் மாவுச்சத்து சுமார் 27 கிராம். வடித்த 100 கிராம் வெள்ளைச் சோற்றிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே தட்டில் சோற்றுக்குப் பதிலாக அதே எடைக் கிழங்கை வைத்தால் வயிறு நிரம்புவதில் குறை இருக்காது. நார்ச்சத்தில்தான் பெரிய வித்தியாசம். சோற்றில் அரை கிராம்கூட இல்லை, கிழங்கில் ஏறக்குறைய 4 கிராம் இருக்கிறது. பொட்டாசியம் நிறைய உண்டு, வைட்டமின் சி ஓரளவு உண்டு. புரதம் மட்டும் குறைவு, 100 கிராமுக்கு 1.5 கிராம் அளவே. சோற்றை விடவும் குறைவு. எனவே வெறும் கிழங்கைக் கொடுத்துப் பிள்ளைகளின் பசியைத் தணித்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. மீனோ முட்டையோ பயறோ கூட இருக்க வேண்டும். நம் பக்கத்தில் காச்சிலோடு மீன் கறி வைப்பது நாவுக்காக மட்டும் ஏற்பட்ட வழக்கமல்ல என்று நமக்குத் தோன்றுகிறது.

சர்க்கரை நோயாளிகள் சாப்பிடலாமா என்ற கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். சாப்பிடலாம், ஆனால் சோற்றுக்குப் பதிலாக, சோற்றோடு சேர்த்து அல்ல. இரண்டு அகப்பைச் சோறும் தின்றுவிட்டு, கிழங்கு நல்லதாமே என்று நான்கு துண்டும் தின்றால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். நார்ச்சத்து அதைச் சற்று மெதுவாக்குமே தவிர இல்லாமல் ஆக்காது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இதைவிட அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும், பொட்டாசியத்தைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருப்பவர்களும் அவரிடம் கேட்காமல் இதைத் தொட வேண்டாம். அவர் அனுமதித்தாலும் சிறு துண்டுகளாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டே சாப்பிட வேண்டும்.

இன்னொன்று. காட்டு வள்ளித் தூள் என்றும் க்ரீம் என்றும் சில பொருட்கள், பெண்களின் ஹார்மோன் குறையைத் தீர்க்கும் என்ற விளம்பரத்தோடு விற்கப்படுகின்றன. மெக்சிகோவில் விளையும் சில வள்ளி இனங்களிலிருந்து டயாஸ்ஜெனின் என்ற பொருளை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் ரசாயன மாற்றம் செய்து ஹார்மோன் மருந்துகள் தயாரித்தார்கள் என்பது 1940களின் வரலாறு. ஆனால் அந்த மாற்றம் ஆய்வுக்கூடத்தில்தான் நடக்கும், நம் உடலுக்குள் நடக்காது. காச்சில் நல்ல உணவு. அதை மருந்தென்று சொல்லி விற்பவரிடம் நம் சகோதரிகள் காசைக் கொடுக்க வேண்டாம்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம்

வள்ளிக் குடும்பத்தில் நூற்றுக்கணக்கான இனங்கள் உண்டு. எல்லாமே உண்ணத் தக்கவையல்ல. மூன்று மூன்று இலைகளாக, தண்டில் முள்ளோடு படரும் ஓர் இனம் உண்டு. அதன் கிழங்கில் டயாஸ்கோரின் என்ற நஞ்சு இருக்கிறது. தொண்டை எரிச்சல், வாந்தி, மயக்கம் என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். மலேசியாவில் அதை உபி காடோங் என்கிறார்கள். மெல்லியதாகச் சீவி ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறவைத்த பிறகே சமைக்கிறார்கள். காடுகளில் வாழும் காணி மக்களுக்கு எந்தக் கிழங்கை எப்படிப் பக்குவப்படுத்துவது என்பது தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு. அந்த அறிவு நமக்கு இல்லை. காட்டிலோ மலையடிவாரத்திலோ கண்ட கிழங்கைத் தோண்டிக்கொண்டு வந்து சோதித்துப் பார்க்கக் கூடாது.

கொடியில் காய்க்கும் காய்க்கிழங்கு விஷயத்திலும் கவனம் தேவை. காச்சில் கொடியின் இலைக் கணுக்களில் சிறு சிறு காய்கள் வரும். அவற்றை நடவும் செய்யலாம், வேகவைத்துத் தின்னவும் செய்யலாம். ஆனால் காய்க்கும் வேறோர் இனமும் வேலியில் படர்ந்து கிடக்கும். அதன் காட்டு வகைகள் கடும் கசப்பு, நச்சுத் தன்மையும் உண்டு. வேறுபாடு காண்பது எளிது. காச்சில் தண்டு நான்கு பட்டை, சிறகு உண்டு, இலைகள் எதிரெதிராக இணை இணையாக நிற்கும். மற்றதன் தண்டு உருண்டை, சிறகு இல்லை, இலைகள் ஒன்று விட்டு ஒன்றாக மாறி மாறி வரும். ஐயம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

காச்சிலையும் பச்சையாகத் தின்னக் கூடாது. தோலை ஒட்டிய பகுதியில் ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள் இருப்பதால் சிலருக்குக் கை அரிக்கும். உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு சீவலாம். அல்லது மண் போகக் கழுவி, தோலோடு பெரிய துண்டுகளாக வேகவைத்து, பிறகு உரிக்கலாம். இரண்டாவது வழியே நல்லது என்பது நம் எண்ணம். சத்தும் வீணாகாது, கையும் தப்பும். வெந்துவிட்டால் அரிப்புக்கு இடமில்லை.

சமையலைப்பற்றி நம் சகோதரிகளுக்கு நாம் சொல்லித்தர ஒன்றும் இல்லை. உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்து, காந்தாரி மிளகாய், சின்ன உள்ளி, புளி, உப்பு நசுக்கி, தேங்காய் எண்ணெய் ஊற்றிய சம்மந்தியோடு தின்பதற்கு ஈடு வேறில்லை. யாழ்ப்பாணத்தார் செய்யும் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறோம். ஊதாக் கிழங்கைத் தோல் நீக்கிச் சிறு துண்டுகளாக்கி, குழைய வேகவைத்து, அகப்பையால் மசித்து, தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் சிட்டிகை உப்பும் சேர்த்துக் கொதிக்க வைத்து இறக்குகிறார்கள். நோன்பு திறக்க எண்ணெய்ப் பலகாரத்தை விட்டால் வேறென்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒரு நாள் இதைச் செய்து பார்க்கலாம். பல் இல்லாத பெரியவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் நன்றாகச் செல்லும்.

நடுவது எப்படி

மாசி, பங்குனியில் நட்டு, மார்கழி, தையில் எடுக்கும் பயிர் இது. கோடை மழை விழும்போது முளை மண்ணுக்கு மேலே வந்திருந்தால் நல்லது. விதைக்கு 250 முதல் 300 கிராம் எடையுள்ள துண்டுகள் வேண்டும். உருளைக் கிழங்கைப்போல் இதில் கண்கள் தெரியாது. தோல் உள்ள எந்தத் துண்டும் முளைக்கும், தலைப்பகுதி முந்தி முளைக்கும். ஆகவே வெட்டும்போது ஒவ்வொரு துண்டிலும் தோல் இருக்கும்படி வெட்ட வேண்டும். வெட்டியதைச் சாணிக் கரைசலில் முக்கி நிழலில் உலர்த்திக்கொள்ளலாம்.

ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழி, குழிக்குக் குழி மூன்றடி இடைவெளி. மேல்மண்ணோடு ஒரு கிலோ அளவு மக்கிய தொழுவுரம் கலந்து முக்கால் குழி மூடி, அதில் துண்டை வைத்து மண்ணை அணைத்து மேலே சருகு மூட வேண்டும். சருகு மூடுவதைச் சோம்பலால் விட்டுவிடுகிறோம். வெயிலில் மண் சுட்டால் துண்டு உள்ளேயே வெந்து அழுகிவிடும். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் நடவே கூடாது.

கொடி முளைத்ததும் ஏற வழி செய்ய வேண்டும். நம் தோட்டத்தில் இது பெரிய காரியமல்ல. தென்னையிலோ கமுகிலோ கயிறு கட்டிப் பத்து, பன்னிரண்டு அடிக்கு ஏற்றிவிட்டால் போதும். தரையில் கிடந்தால் இலைக்கு வெயில் படாது. இலை சமைத்துக் கொடுப்பதுதான் கிழங்குக்கு வந்து சேருகிறது. மழைக்காலத்தில் இலையிலும் தண்டிலும் கரும்புள்ளி விழுந்து கொடியே கருகிப் போகும் பூஞ்சை நோய் ஒன்று உண்டு. காச்சிலுக்கு இதுவே பெரிய பகை. நோய் கண்ட கொடியின் கிழங்கை விதைக்கு எடுக்காமல் இருப்பது முதல் பாதுகாப்பு. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963இல் தொடங்கப்பட்ட மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் ஸ்ரீ கீர்த்தி, ஸ்ரீ ரூபா, ஸ்ரீ சில்பா, ஸ்ரீ கார்த்திகா போன்ற காச்சில் வகைகளை வெளியிட்டிருக்கிறது. கூடுதலாகப் பயிர் செய்ய விரும்புவோர் அங்கே விசாரிக்கலாம்.

எட்டு, ஒன்பது மாதத்தில் இலை மஞ்சளித்துக் கொடி காய்ந்துவிடும். அதுதான் எடுக்கும் பருவம். மண்வெட்டி படாமல் சுற்றித் தோண்டி எடுக்க வேண்டும். காயம் பட்டதை முதலில் சமையலுக்குத் தீர்த்துவிட வேண்டும். காயமில்லாததைக் காற்றோட்டமான நிழலில் ஒன்றன்மேல் ஒன்று குவிக்காமல் பரப்பி வைத்தால் இரண்டு மூன்று மாதம் இருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் முழுக் கிழங்கை வைக்காதீர்கள், உள்ளே கறுத்துப்போகும்.

ஒரு சிறு கணக்கு. பத்துக் குழிக்கு விதை 3 கிலோ. ஒரு குழிக்கு 2 கிலோ என்று வைத்தாலும் 20 கிலோ கிடைக்கும். அதில் 3 கிலோவை அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைத்துவிட்டால் 17 கிலோ சமையலுக்கு. கஷ்டமான வீட்டில் சிக்கல் வருவது இங்கேதான். மாசி மாதம் அடுப்பில் வைக்க ஒன்றுமில்லாதபோது மூலையில் இருக்கும் அந்த 3 கிலோவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எளிதல்ல. தின்றுவிடுவார்கள், அதில் தவறு காண நமக்கு உரிமையில்லை. கொடியில் காய்க்கும் காய்களைச் சேர்த்து வைப்பது இதற்கு ஒரு வழி. அவற்றிலிருந்து முதலாண்டில் வருவது சிறு கிழங்குதான், ஆனால் அது அடுத்த ஆண்டுக்கு விதையாகும். நைஜீரிய ஆராய்ச்சியாளர்கள் கண்ட இன்னொரு வழி, கிழங்கை 30 கிராம் அளவுள்ள சிறு துண்டுகளாக வெட்டி நாற்றாக முளைக்கவைத்து நடுவது. குறைந்த விதையில் கூடுதல் செடி கிடைக்கும், பக்குவம் மட்டும் சற்றுக் கூடுதலாக வேண்டும்.

இவ்வாண்டு நம் மஹல்லாவில் காச்சில் வைத்திருக்கும் சில வீட்டார் விதைக் கிழங்கு தர முன்வந்திருக்கிறார்கள். உதவிப் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கு முதலிலும், மீதியிருந்தால் மற்றவர்களுக்கும், வீட்டுக்குப் பத்துத் துண்டு வீதம் கொடுக்கத் தீர்மானித்திருக்கிறோம். இது இலவசமல்ல, கடன். அடுத்த தையில் கிழங்கு எடுத்ததும் பத்துத் துண்டுக்குரிய விதையை வேறொரு வீட்டுக்கென்று அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். பத்துக்குப் பத்துதான், கூடுதல் வேண்டாம். நோயிலோ மழையிலோ பயிர் போய்விட்டால் திருப்பித்தர வேண்டியதில்லை. விருப்பமுள்ளவர்கள் மாசி 15ஆம் தேதிக்குள் அறக்கட்டளை அலுவலகத்தில் பெயர் பதியவும். குழி தோண்ட ஆளில்லாத வீடுகள் அதையும் சேர்த்துச் சொல்லவும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வந்து தோண்டித்தர நம் இளைஞர்கள் சிலர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மண்வெட்டி அவர்களிடம் இரண்டுதான் இருக்கிறது. வீட்டில் இருந்தால் எடுத்து வைக்கவும்.